மகளின் ஃபைட்டர் மீன் வயிறு வீங்கிக் கிடக்கிறது: என்ன மருந்து கொடுப்பது?

தஞ்சாவூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இது:

நான்காம் வகுப்பு படிக்கும் மகளின் பிறந்தநாளுக்கு நீல நிற ஃபைட்டர் மீன் ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். அது வந்து நான்கு மாதம் ஆகிறது. “இது காற்றை சுவாசிக்கிற மீன், மோட்டாரெல்லாம் தேவையில்லை” என்று சொல்லி, மூன்று லிட்டர் பிடிக்கும் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தார் கடைக்காரர். ஞாயிறுதோறும் கிண்ணத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, தண்ணீரை முழுவதுமாக மாற்றுகிறார்கள். சில வாரம் போர் தண்ணீர், சில வாரம் கேன் தண்ணீர். மீன் துடுப்பை விரித்துக் காட்டுவதைப் பார்க்க ஆசைப்பட்டு, மகள் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடியை நிறுத்தி வைத்திருக்கிறாள். இரண்டு வாரத்துக்கு முன் வால் ஓரம் கறுத்துக் கிழிய ஆரம்பித்தது. கடையில் கொடுத்த நீல மருந்தை இரண்டு நாள் ஊற்றினார்கள். குணமில்லை. வீட்டில் இருந்த டெட்ராசைக்ளின் மாத்திரையைப் பிரித்துக் கொட்டினார்கள். தண்ணீர் பழுப்பாகி நுரைத்தது. அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று தினம் ஒரு ஸ்பூன் கல் உப்பு, மூன்று நாள். இப்போது மீன் சாப்பிடவில்லை, வயிறு வீங்கிவிட்டது, அடியிலேயே கிடந்து மூச்சுக்கு மட்டும் சிரமப்பட்டு மேலே வருகிறது. “செதில் கொஞ்சம் தூக்கினாற்போல இருக்கிறது, எனக்கு அப்படித் தோன்றுகிறதா என்று தெரியவில்லை” என்கிறார்.

இது என்ன நோய், இன்னும் வீரியமான மருந்து எது, மகளுக்குத் தொற்றுமா என்று கேட்கிறார். அவருடைய மாமியார் இரண்டு விஷயம் சொல்கிறாராம். வீட்டுக்கு வரவிருந்த கஷ்டத்தை மீன் வாங்கிக்கொண்டது என்பது ஒன்று, கோயில் குளத்தில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்பது இன்னொன்று. மகளோ, தன்னால்தான் இப்படி ஆனது என்று அழுகிறாள்.

சகோதரி,

என்ன செய்தீர்கள் என்பதை நீங்கள் வரிசையாக எழுதியது எனக்குப் பெரிய உதவி. மீனைப் பார்க்காமலே ஓரளவு தைரியமாகப் பதில் சொல்ல முடிவது அதனால்தான். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். வீரியமான மருந்து எது என்ற கேள்விக்கு நான் இப்போது மருந்துப் பெயர் எதுவும் தரப்போவதில்லை. உங்கள் மீனுக்கு இன்று வேண்டியது நல்ல தண்ணீரும் தொந்தரவில்லாத சில நாட்களும். இரண்டு வாரத்தில் மூன்று சிகிச்சையைத் தாங்கிய உடம்பு அது. நான்காவதாக ஒன்றைச் சேர்த்தால் நோயை விட அதுவே முந்திக்கொள்ளும்.

கடைக்காரர் சொன்னதிலிருந்து ஆரம்பிக்கிறேன், குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஃபைட்டர் காற்றை சுவாசிக்கிற மீன் என்பது உண்மை. அதன் தலைக்குள், செவுளுக்கு மேல், லாபிரிந்த் என்ற ஓர் உறுப்பு உண்டு. மேலே வந்து ஒரு வாய் காற்றை எடுத்து அதிலிருந்து ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் அது ஆக்சிஜன் பற்றாக்குறையை மட்டும்தான் தீர்க்கிறது. மீனின் கழிவில் பெரும்பங்கு அம்மோனியாவாகச் செவுள் வழியே தண்ணீரில் கலக்கிறது. மிச்சத் தீனியும் எச்சமும் அழுகினாலும் அம்மோனியாதான். மூன்று லிட்டரில், பில்டர் இல்லாமல், இது நாளுக்கு நாள் ஏறும். மேலே வந்து நல்ல காற்றைக் குடித்தாலும், செவுளும் தோலும் துடுப்பும் இருபத்து நான்கு மணி நேரமும் அந்த நீரில்தானே ஊறுகின்றன? போர் தண்ணீர் பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது. காரமும் வெப்பமும் கூடக் கூட அம்மோனியாவின் நஞ்சும் கூடும். நம் ஊர் வெயிலில் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன.

இந்த மீனின் சொந்த ஊர் தாய்லாந்து. அங்கே 2019-இல் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே இதை அறிவித்தார்கள். வயல் தண்ணீரிலும் சதுப்பிலும் வாழ்கிற மீன் என்பதால் “கொஞ்சம் தண்ணீர் போதும்” என்ற எண்ணம் பரவிவிட்டது. வயலில் தண்ணீரின் ஆழம்தான் குறைவு, பரப்பு பெரியது. செடியும் சேறும் அதிலுள்ள நுண்ணுயிரும் கழிவை உடனுக்குடன் தின்றுவிடும். கிண்ணத்தில் அந்த வேலையைச் செய்ய யாருமில்லை.

நீங்கள் வாரம் தவறாமல் தண்ணீர் மாற்றினீர்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். மாற்றிய விதம்தான் மீனுக்குப் பாரமாகிவிட்டது. சனிக்கிழமை வரை ஏறிய அம்மோனியா, ஞாயிறு ஒரே நிமிடத்தில் முற்றிலும் வேறு தண்ணீர். அதுவும் ஒரு வாரம் உப்புச்சத்து நிறைந்த போர் தண்ணீர், மறு வாரம் உப்பு மிகக் குறைந்த கேன் தண்ணீர், அதாவது ஆர்ஓ இயந்திரத்தில் வடிகட்டிய தண்ணீர். நன்னீர் மீனின் உடம்புக்குள் தண்ணீர் ஓயாமல் கசிந்துகொண்டே இருக்கும். அதை ஓயாமல் வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. வெளியிலுள்ள உப்பின் அளவு இப்படித் தாறுமாறாக மாறினால் அந்தச் சிறுநீரகம் களைத்துப் போகும். சோப்புப் போட்டுக் கழுவுவதில் இரண்டு கேடு: சோப்பின் மிச்சம் செவுளை எரிக்கும், கண்ணாடியிலும் கல்லிலும் குடியேற ஆரம்பித்த, கழிவைத் தின்னும் நல்ல பாக்டீரியாவும் போய்விடும்.

வந்த நோய் என்ன?

வாலில் ஆரம்பித்தது துடுப்பு அழுகல். கடைகளில் ஃபின் ராட் என்பார்கள். ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் இதற்குக் காரணம். இவை எல்லாத் தண்ணீரிலும் இருப்பவைதான். மீன் தெம்பாக இருக்கும்வரை ஒன்றும் செய்யாது, தளர்ந்தால் துடுப்பின் ஓரத்தில் பிடித்துக்கொள்ளும். ஓரம் கறுத்தோ சிவந்தோ இருந்து, நாளுக்கு நாள் உள்நோக்கி அரித்துப் போனால் அது அழுகல். ஓரம் நிறம் மாறாமல் நேராகக் கிழிந்திருந்தால் பிளாஸ்டிக் செடியில் மாட்டிக் கிழிந்திருக்கலாம், அல்லது மீனே தன் வாலைக் கடித்திருக்கலாம். நீள வால் உள்ள ஃபைட்டர்கள் பதற்றத்தில் அப்படிச் செய்வதுண்டு. நீங்கள் எழுதியபடி கறுத்து ஆரம்பித்ததால் அழுகல் என்றே எடுத்துக்கொள்கிறேன். அந்த நிலையிலேயே நல்ல தண்ணீருக்கு மாற்றியிருந்தால், பெரும்பாலும் மருந்தே இல்லாமல் ஆறியிருக்கும். ஆறும்போது வால் ஓரத்தில் நிறமில்லாத மெல்லிய சவ்வு வளரும். அதைப் பூஞ்சை என்று பயந்து மறுபடி மருந்து ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர், அதனால் சொல்லிவைக்கிறேன்.

இப்போதைய வீக்கம்தான் கவலை. இதில் இரண்டு வாய்ப்பு உண்டு, எது என்று நீங்களே பார்க்க முடியும். வெளிச்சமான இடத்தில் கிண்ணத்தை வைத்து, பக்கவாட்டில் பார்க்காமல் நேர் மேலிருந்து பாருங்கள். போனில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது இன்னும் நல்லது. உடம்பு வழவழப்பாக இருந்து, வயிறு மட்டும் முன்பக்கமாக உப்பியிருந்தால் மலச்சிக்கலோ அதிகத் தீனியோ காரணமாக இருக்கலாம். குடல் உப்பினால் அது காற்றுப்பையை அழுத்தும். மீன் நேராக நிற்க முடியாமல் சாயும், அடியில் கிடக்கும், சில சமயம் மேலேயே மிதக்கும். இது தேற வாய்ப்புள்ள நிலை.

மேலிருந்து பார்க்கும்போது செதில்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் புடைத்து, சீத்தாப்பழத் தோல் போலத் தெரிந்தால் அது டிராப்ஸி. அது ஒரு நோயின் பெயர் அல்ல. சிறுநீரகம் கைவிட்டு, வெளியேற வேண்டிய தண்ணீர் உடம்புக்குள்ளேயே தேங்கியதன் அடையாளம். பாக்டீரியா தொற்று முற்றியோ, உள்ளுறுப்பு கெட்டோ இந்த நிலைக்கு வரும். செதில் முழுவதும் எழும்பிய மீன்களில் பிழைப்பவை குறைவு. உங்களிடம் இதை மறைத்துப் பேசினால் உங்கள் மகளுக்கு நீங்கள் தவறான நம்பிக்கை கொடுக்க வேண்டிவரும், அதனால் நேராகவே சொல்கிறேன். ஆனால் “எனக்கு அப்படித் தோன்றுகிறதா” என்று நீங்களே சந்தேகப்படுகிற அளவில் இருந்தால், முயன்று பார்க்க நிச்சயம் இடம் இருக்கிறது.

இன்று ராத்திரியே செய்ய வேண்டியது

பத்துப் பன்னிரண்டு லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் டப் ஒன்று எடுங்கள். சோப்புப் படாத புது டப்பாக இருந்தால் நல்லது. தண்ணீர் ஒரு சாண் உயரத்துக்கு மேல் வேண்டாம். களைத்த மீன் காற்றுக்காக நீந்த வேண்டிய தூரம் குறைய வேண்டும். எந்தத் தண்ணீர் என்றால், இனி எப்போதும் ஒரே மூலத்திலிருந்து வருவது. உங்கள் போர் தண்ணீரில் வெள்ளைப் படிவு அதிகம் என்றால் போர் தண்ணீரையும் ஆர்ஓ தண்ணீரையும் சரிபாதி கலந்து, அந்த அளவையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். வெறும் ஆர்ஓ தண்ணீர் மட்டும் வேண்டாம், அதில் மீனுக்கு வேண்டிய தாது மிகக் குறைவு. குழாய்த் தண்ணீர் என்றால் கடையில் விற்கும் ஆன்டி குளோரின் சொட்டுகளை, குப்பியில் உள்ள அளவுப்படி விடுங்கள்.

மீனைத் தூக்கி அப்படியே போட்டுவிடாதீர்கள். ஒரு டம்ளரில் பழைய தண்ணீரோடு மீனை எடுத்து, புதுத் தண்ணீரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று ஸ்பூன் வீதம் சேர்த்து, அரை மணி நேரத்தில் பழக்குங்கள். பிறகு மீனை மட்டும் டப்புக்கு மாற்றி, பழைய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். டப்பை ஒரு மூடியால் முக்கால் பங்கு மூடி, ஆள் நடமாட்டம் குறைந்த, வெயில் நேராக விழாத இடத்தில் வையுங்கள். ஃபைட்டர் நன்றாகத் தாவும், நோயிலும் தாவும். கண்ணாடியை எடுத்துவிடுங்கள். எதிரி எந்நேரமும் எதிரில் நிற்கிறான் என்றே அந்த மீன் நம்பிக்கொண்டிருந்திருக்கும்.

இரண்டு நாள் தீனி வேண்டாம். பட்டினி போடுகிறோமே என்று வருந்த வேண்டாம், ஃபைட்டர் ஒரு வாரம் சாப்பிடாமல் தாங்கும்.

அடுத்தது எப்சம் உப்பு. மருந்துக் கடையில் மக்னீசியம் சல்ஃபேட் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். நாலு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் அளவு. தனியாக ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மூன்று தவணையாக மீனிலிருந்து தள்ளி ஊற்றுங்கள். இது குடலைத் தளர்த்தும், தேங்கிய நீர் வடியவும் ஓரளவு உதவும். தினமும் காலையில் டப்பின் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். எடுத்த தண்ணீருக்கு எவ்வளவு எப்சம் உப்பு வேண்டுமோ அவ்வளவு மட்டும் சேர்க்க வேண்டும். முழு அளவையும் தினம் போடக் கூடாது.

இந்த இடத்தில் கல் உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது கெட்ட மருந்தல்ல. தோல் காயத்துக்கும் செவுள் எரிச்சலுக்கும், சில ஒட்டுண்ணிகளுக்கும் குறைந்த அளவில் நல்ல பலன் தரும். ஆனால் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. தினம் ஒரு ஸ்பூன் போட்டால் மூன்றாம் நாள் மூன்று ஸ்பூன் அப்படியே இருக்கும். மூன்று லிட்டருக்கு அது மிக அதிகம். இப்போது உங்கள் கிண்ணத்தில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று யாராலும் கணக்கிட முடியாது, அதனால்தான் புதுத் தண்ணீரில் ஆரம்பிக்கச் சொல்கிறேன். எப்சம் உப்பு இருக்கும்வரை கல் உப்பு வேண்டாம்.

மூன்றாம் நாள் வீக்கம் வடிந்து மீன் நிமிர்ந்தால், ஒரு தீனி உருண்டையை தண்ணீரில் ஊறவைத்துப் போட்டுப் பாருங்கள். பட்டாணி கொடுக்கலாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஃபைட்டர் பூச்சி தின்னும் மீன், பட்டாணி அதற்குச் செரிமானமாகிற உணவு அல்ல. மீன் தீனியாக விற்கும் டாஃப்னியா என்ற நுண்ணிய நீர்வாழ் உயிரி உறைய வைத்ததாகக் கிடைத்தால் அதுவே மலச்சிக்கலுக்கு நல்லது. கடையில் உயிரோடு விற்கும் டியூபிபெக்ஸ் புழு இந்த நேரத்தில் வேண்டவே வேண்டாம். சாக்கடை ஓரம் வளர்வது அது, நோயையும் கூடவே கொண்டுவரும்.

நீல மருந்தும் மாத்திரையும்

கடைக்காரர் கொடுத்தது மெத்திலீன் ப்ளூ என்று நினைக்கிறேன். பூஞ்சைக்கும், முட்டைகளைக் காப்பதற்கும் அது நல்ல மருந்து. துடுப்பு அழுகலுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. பில்டர் உள்ள தொட்டியில் ஊற்றினால் கழிவைத் தின்னும் நல்ல பாக்டீரியாவையும் அது கெடுத்துவிடும்.

டெட்ராசைக்ளின் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன். தண்ணீர் பழுப்பாகி நுரைத்தது என்று எழுதினீர்களே, வெளிச்சம் பட்டு மருந்து சிதைந்ததன் அடையாளம் அது. தாது அதிகமுள்ள தண்ணீரில் கால்சியம் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மீனின் உடம்புக்குள் போவதும் மிகக் குறைவு. ஆகவே மீனுக்கு மருந்து சேரவில்லை, தண்ணீரில் உள்ள பாக்டீரியாவுக்கு மட்டும் அரைகுறை அளவு போய்ச் சேர்ந்தது. எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமிகள் உருவாவது இப்படித்தான். அந்தத் தண்ணீர் சாக்கடை வழியாக எங்கெங்கோ போகிறது. ஆன்டிபயாடிக் மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது என்பது சட்டம். மனிதருக்கு வாங்கிய மீதியை மீனுக்குப் போடுவதும் அதே வகைத் தவறுதான். மீனுக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படும் நேரம் உண்டு. தீனி எடுக்கும் நிலையில் உள்ள மீன் என்றால் தீனியில் கலந்து, எடைக்கேற்ற அளவில், குறித்த நாள் முழுவதும் கொடுக்க வேண்டும். அதை ஒரு மருத்துவர் தீர்மானிக்கட்டும்.

மற்ற நோய்களோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க

உங்கள் மீனுக்கு இவை இருப்பதாகத் தெரியவில்லை. ஆனாலும் ஃபைட்டர் வளர்க்கும் வீட்டில் என்றாவது வரும்.

ஒயிட் ஸ்பாட் என்றால் உடம்பிலும் துடுப்பிலும் தனித்தனியாக எண்ணக்கூடிய வெள்ளைப் புள்ளிகள் தெரியும், மீன் கல்லில் உரசிக்கொள்ளும். இந்த ஒட்டுண்ணி தோலுக்கு அடியில் இருக்கும்போது எந்த மருந்தும் அதைத் தொடாது. அங்கிருந்து விழுந்து, தரையில் பெருகி, குஞ்சுகளாக நீந்தி வரும்போதுதான் சாகும். அதனால் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரமாவது சிகிச்சையை நிறுத்தக் கூடாது. பாதியில் நிறுத்துவதால்தான் இது “திரும்பத் திரும்ப வருகிறது”.

வெல்வெட் இன்னும் நுண்ணியது, அதனால் பலரும் தவறவிடுவார்கள். அறையை இருட்டாக்கி டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்தால் தங்க நிறத்தில் தூசு படிந்ததுபோல் தெரியும். இந்த ஒட்டுண்ணி செடியைப் போல வெளிச்சத்திலிருந்தும் உணவு தயாரிப்பதால், மருந்தோடு தொட்டியை மூடி இருட்டாக வைப்பதும் சிகிச்சையின் பகுதி.

எனக்கு அதிகம் பயம் தருவது காலம்நாரிஸ். வாயைச் சுற்றியோ முதுகிலோ சாம்பல் வெள்ளையில் பஞ்சு போன்ற படிவம் வரும். பார்த்தவுடன் பூஞ்சை என்றே நினைப்பீர்கள், ஆனால் பாக்டீரியா. வெப்பம் கூடினால் வேகமெடுக்கும், ஓரிரு நாளில் மீனைக் கொன்றுவிடும். “எந்த நோயென்றாலும் ஹீட்டர் போட்டு முப்பது டிகிரிக்கு ஏற்று” என்ற அறிவுரை ஒயிட் ஸ்பாட்டுக்கு உதவும். காலம்நாரிஸுக்கு அதே அறிவுரை ஆபத்து. பெயர் தெரியாமல் மருந்து மாற்றாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

வாதாம் மர இலையைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். தெருவோரம் நிற்கும் நாட்டு வாதாம் மரம்தான். தானாக உதிர்ந்து காய்ந்த பழுப்பு இலையைக் கழுவி, பத்து லிட்டருக்கு ஒன்று போடலாம். தண்ணீர் தேநீர் நிறமாகும், மீன் அமைதியாக இருக்கும். நோயைத் தீர்க்கும் மருந்தாக மட்டும் அதை நம்ப வேண்டாம்.

மகளுக்குத் தொற்றுமா?

துடுப்பு அழுகலோ வீக்கமோ பார்ப்பதாலும் பக்கத்தில் இருப்பதாலும் தொற்றாது. ஆனால் மீன் தொட்டியிலிருந்து மனிதருக்கு வரக்கூடிய ஒரு கிருமி உண்மையிலேயே உண்டு. மைக்கோபாக்டீரியம் மெரினம் என்று பெயர். காசநோய்க் கிருமியின் உறவு. ஃபைட்டர் மீன்களில் இது அரிதல்ல. மெலிவு, வளைந்த முதுகு, ஆறாத புண், சில சமயம் டிராப்ஸி என்று பல வேஷத்தில் வரும். கையில் வெட்டோ சிராய்ப்போ இருக்கும்போது தொட்டித் தண்ணீர் பட்டால், சில வாரம் கழித்து விரலிலோ கையிலோ ஆறாத கட்டி வரலாம். பயப்பட வேண்டியதில்லை, கவனம் போதும். இந்த மீன் தேறும்வரை மகள் தண்ணீரில் கை விட வேண்டாம். நீங்கள் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ரப்பர் குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது, அதை அடியோடு விட்டுவிடுங்கள். சமையலறைத் தொட்டியில் கிண்ணத்தைக் கழுவவும் வேண்டாம். வீட்டில் ஸ்டீராய்டு அல்லது புற்றுநோய் மருந்து எடுப்பவர் இருந்தால் அவர் தொட்டி வேலையைத் தொடாமல் இருப்பது நல்லது. எப்போதாவது கையில் ஆறாத கட்டி வந்தால், “வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது” என்று தோல் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் இல்லாததால் மாதக்கணக்கில் வேறு வைத்தியம் நடந்துவிடும்.

கோயில் குளத்தில் விடலாமா?

உங்கள் மாமியார் இரக்கத்தோடுதான் சொல்கிறார், அதை மதிக்கிறேன். ஆனால் செய்யாதீர்கள். நீந்தவே தெம்பில்லாத மீன் குளத்தில் ஒரு நாள் கூடத் தாங்காது. அதன் உடம்பிலுள்ள கிருமி குளத்து மீன்களுக்குப் போகும். நலமான மீனாக இருந்தாலும் விடக் கூடாது. தொட்டி சுத்தம் செய்ய வாங்கி, பெரிதானதும் ஏரியில் விடப்பட்ட சக்கர் மீன் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

வீட்டுக் கஷ்டத்தை மீன் வாங்கிக்கொண்டது என்ற பேச்சை மகள் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவருக்கு அது ஆறுதல். ஒன்பது வயதுக் குழந்தைக்கு அது இன்னொரு பாரம். மகளிடம் நடந்ததை அப்படியே சொல்லலாம்: “கிண்ணம் சின்னது, நமக்குச் சரியாகச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. கண்ணாடி வைத்ததால் நோய் வரவில்லை. ஆனால் மீன் ஓய்வெடுக்கட்டும் என்று இப்போது எடுத்துவிடுகிறோம்.” தினமும் மேலிருந்து ஒரு படம் எடுக்கும் வேலையை அவளிடமே கொடுங்கள்.

நான்கைந்து நாளில் செதில் முழுவதும் எழும்பி, மீன் பக்கவாட்டில் சாய்ந்து, காற்றுக்குக் கூட மேலே வர முடியாத நிலை வந்தால், மேலும் இழுத்தடிக்காமல் வலியில்லாமல் விடைகொடுப்பதுதான் இரக்கம். கழிப்பறையில் ஊற்றுவதும், ஃப்ரீசரில் வைப்பதும், தரையில் போட்டுவிடுவதும் கொடுமை. மருத்துவர் செய்தால் நல்லது. முடியாவிட்டால் கிராம்பு எண்ணெய் உதவும். சின்ன பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீரோடு மூன்று நான்கு சொட்டு விட்டு, பால் நிறமாகும்வரை குலுக்கி, ஒரு லிட்டர் தண்ணீரில் உள்ள மீனிடம் மெல்லச் சேர்த்தால் சில நிமிடத்தில் மயங்கிவிடும். அசைவு நின்ற பிறகு இன்னும் பத்துப் பதினைந்து சொட்டு அதேபோல் குலுக்கிச் சேர்த்து, செவுள் அசைவு முழுவதும் நின்ற பிறகும் அரை மணி நேரம் அப்படியே விட்டுவையுங்கள். பிறகு மண்ணில் புதைத்துவிடலாம். மகள் இதைப் பார்க்க வேண்டியதில்லை, ஆனால் அவளுக்குத் தெரியாமலும் செய்ய வேண்டாம்.

தேறினாலும், புது மீன் வந்தாலும்

இருபது லிட்டர் தொட்டி, மெதுவாக ஓடும் ஸ்பாஞ்ச் பில்டர், மேலே மூடி. தஞ்சாவூர் வெப்பத்துக்கு மார்கழி, தை ராத்திரி தவிர ஹீட்டர் பெரும்பாலும் தேவைப்படாது. இருபத்து நான்கிலிருந்து இருபத்தெட்டு டிகிரி வரை அதற்கு இதம். சித்திரை வெயிலில் தொட்டி ஜன்னலோரம் இருக்கக் கூடாது. புதுத் தொட்டியில் கழிவைத் தின்னும் பாக்டீரியா முழுமையாகக் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை அம்மோனியா டெஸ்ட் கிட் ஒன்று கையில் இருக்கட்டும். அம்மோனியாவும், அதைப் பாக்டீரியா தின்னும்போது உண்டாகும் நைட்ரைட் என்ற நஞ்சும் சைபராக இருக்க வேண்டும், கூடினால் அன்றே பாதித் தண்ணீரை மாற்றுங்கள். அதன்பின் வாரம் ஒருமுறை கால் பங்கு மாற்றினால் போதும். ஸ்பாஞ்சைக் குழாயடியில் தேய்க்காமல், எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்து விடுங்கள். வேளைக்கு இரண்டு மூன்று உருண்டை, நாளுக்கு இரண்டு வேளை, வாரத்தில் ஒரு நாள் தீனி இல்லை. இன்னொரு ஆண் ஃபைட்டரை எந்தக் காரணத்துக்காகவும் அதே தொட்டியில் விடாதீர்கள். வேடிக்கைக்காகச் சண்டை மூட்டுவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம், மீனுக்கும் அது பொருந்தும்.

கடைக்காரர் மேல் புகார் கொடுக்கலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். நோயோடு விற்றார் என்று நிரூபிக்க நான்கு மாதத்துக்குப் பிறகு வழியில்லை. நேரில் போய், கிண்ணத்தோடு விற்க வேண்டாம் என்று அமைதியாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.

மீன் பார்க்கும் மருத்துவர்கள் குறைவு என்றாலும், உங்கள் மாவட்டத்திலேயே ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. முதலில் போனில் கேட்டுவிட்டுப் போங்கள். போவதென்றால் மீனை அகன்ற டப்பாவில், பாதி அளவு தண்ணீரும் மேலே காற்றுக்கு இடமும் விட்டு, துணி போர்த்தி இருட்டாக எடுத்துச் செல்லுங்கள். தனியாக ஒரு பாட்டிலில் அது இருந்த தண்ணீரையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அந்தத் தண்ணீரைத்தான் சோதிப்பார்கள். இதுவரை போட்ட மூன்று மருந்தின் அட்டையும் குப்பியும், மகள் எடுத்த படங்களும் கையில் இருக்கட்டும்.